கடைவீதிக்கு வழி கேட்டவர்

மாணவத் தம்பி! பட்டப்படிப்பு முடியும் தறுவாயில் நிற்கும் உங்களிடம், அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று உற்றார் உறவினர் வினவும்போது, ‘டிரேடிங் செய்யப் போகிறேன்’ என்று நீங்கள் விடை பகர்கிறீர்கள். தில்லை நகரில் இவ்விடை இப்போது எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. எண்ணிட்ட அதன் கிராஸ் தெருக்களில் பயிற்சிக் கூடங்களும், பங்குத் தரகு அலுவலகங்களும், மருத்துவமனைகளும், துணிக்கடைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நண்பகலில் தேநீர்க் கடை வாயிலில் கைப்பேசியைக் கண் கொட்டாமல் நோக்கிக்கொண்டிருக்கும் இளைஞர் கிரிக்கெட் பார்க்கிறாரா, நிஃப்டி பார்க்கிறாரா என்று அருகில் சென்றால்தான் தெரியும்.

உங்கள் விடையைக் கேட்டுத் தந்தையாரோ பாட்டனாரோ உள்ளம் மகிழ்வதும் உண்டு. டிரேடிங் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் வணிகம் என்பதே. பிள்ளை வணிகம் செய்யப் போகிறான், அது நம் முன்னோர் தொழில்தானே என்று அவர்கள் எண்ணுகிறார்கள். நீங்களோ வேறொன்றை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஒரே சொல் இரு வேறு செயல்களுக்குப் பெயராகிவிட்டது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வணிகத்தை இழித்துரைக்கும் எண்ணம் எமக்கில்லை. வல்ல இறைவன் திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 275ஆம் வசனத்தில் வணிகத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கியிருக்கிறான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுமுன்னர், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளோடு சிரியா சென்று வாணிபம் செய்து மீண்டவர்கள். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் துணி வணிகராக விளங்கியவர்கள். நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தில்லை நகரை ஒட்டியிருக்கும் உறையூரையே எண்ணிப் பாருங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடற்பயண நூல், ‘அர்கரு’ என்ற ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் கொள்கை. கோட்டை ரயில் நிலையத்தருகே நிற்கும் கல்லுப்பள்ளியின் அரபுக் கல்வெட்டு ஹிஜ்ரி 116ஆம் ஆண்டைக் குறிப்பது என்பர். அத்தனை தொன்மையில் இக்காவிரிக் கரைக்கு அரபு மொழி வந்தது படையோடு அன்று. சரக்கு மூட்டையோடு வந்தது என்றே கொள்ள வேண்டும். காஜா நகரில் 1951ஆம் ஆண்டு எழுந்த ஜமால் முஹம்மது கல்லூரியும், தோல் வணிகத்தில் புகழ் பெற்ற ஜமால் முஹம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் விளைந்ததே. கடையில் ஈட்டியது கல்வியாயிற்று. எனவே வணிகராக வேண்டும் என்ற உங்கள் ஆவலுக்கு எம் வாழ்த்து உண்டு.

வணிகர் என்றதும் நினைவுக்கு வருகிறவர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள். மக்கத்துச் செல்வத்தை எல்லாம் துறந்து வெறுங்கையோடு மதீனா வந்தார்கள். அன்சாரித் தோழர் சஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் உடைமையில் சரிபாதியைத் தருவதாக முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் அவர்களோ அத்தோழருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, கடைவீதிக்கு வழி எது என்று மட்டும் கேட்டார்கள். கைனுகா கடைவீதியைக் காட்டினார்கள். அன்று மாலை திரும்பும்போது அவர்கள் கையில் சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும் இருந்தன. இவ்வரலாற்றை மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். ஆயினும் அந்த நெய்யையும் பாலாடைக்கட்டியையும் எவரும் அழுத்திச் சொல்வதில்லை. சரக்கு ஒன்று இருந்தது. ஒருவரிடம் மிகுதியாகவும் மற்றொருவருக்குத் தேவையாகவும் இருந்தது. இடையில் நின்று அதைக் கொண்டு சேர்த்தவர் தம் உழைப்புக்கும் அறிவுக்கும் ஊதியம் பெற்றார். வாங்கியவர், விற்றவர், இடைநின்றவர் ஆகிய மூவரும் மன நிறைவோடு வீடு திரும்பினர்.

இப்போது உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். அங்கே டிரேடிங் என்ற ஒரே பெயரில் மூன்று செயல்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்துக்கொள்வது முதலாவது. காலையில் வாங்கியதை மாலைக்குள் விற்றுத் தீர்ப்பது, அதாவது இன்ட்ராடே, இரண்டாவது. மூன்றாவது, பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் ஒப்பந்தங்களை வாங்கி விற்பது.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பங்கு என்பது ஒரு தொழிலின் உடைமையில் சிறு கூறு. அத்தொழில் மது, சூது, வட்டித் தொழில் போன்றதாக இருத்தல் ஆகாது என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. நல்ல தொழில் செய்யும் நிறுவனமே வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் என் செய்வது? பங்கே வாங்கலாகாது என்போர் உண்டு. வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டுக்குள்ளும், ஆகாத வருமானம் 5 விழுக்காட்டுக்குள்ளும் இருந்தால் வாங்கி, அவ்வருமானப் பகுதியைத் தருமமாக ஒதுக்கிவிட வேண்டும் என்னும் பஹ்ரைன் ‘ஆயோஃபி’ அமைப்பின் வரையறையைப் பின்பற்றுவோரும் உண்டு. இத்தகைய சலிப்பைச் செய்து நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் ‘நிஃப்டி ஷரீஆ’ குறியீடுகள் நம் தேசியப் பங்குச் சந்தையிலேயே இருக்கின்றன. உங்கள் பகுதி ஆலிமை அணுகிக் கேட்டுத் தெளியுங்கள்.

இன்ட்ராடேயில் சிக்கல் வேறு. உணவுப் பொருளை வாங்கியவர் அதைத் தம் கைக்கு வரப்பெறுமுன் விற்கலாகாது என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுத்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தம்மிடம் இல்லாத பொருளுக்கு விலை பேசிவிட்டுப் பின்னர்க் கடைவீதியில் வாங்கிக் கொடுக்கலாமா என ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் வினவியபோது, இல்லாததை விற்க வேண்டாம் என்றே விடை கிடைத்தது. இன்று நீங்கள் வாங்கும் பங்கு அடுத்த வேலை நாளில்தான் உங்கள் டிமேட் கணக்கில் வந்து சேர்கிறது. 2023 ஜனவரி முதல் இந்தியா முழுவதும் எல்லாப் பங்குகளுக்கும் இம்முறையே. பெயரளவு உரிமை கிடைத்தாலே கைப்பற்றியதற்கு ஒப்பாகும் என்று கூறும் அறிஞர்களும் உள்ளனர். எனினும், கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுப் பிறகு வாங்கிச் சரிசெய்யும் பழக்கத்துக்கு இந்த வாதமும் துணை நில்லாது.

மூன்றாவதே இன்றைய இளைஞரை ஈர்க்கும் காந்தம். அதன் உள்ளியல்பை விளங்கிக்கொள்ள வாழைத் தோப்புக்குள் சற்று நுழைந்து வருவோம்.

தொட்டியம், முசிறி, லால்குடி வட்டாரங்களில் காவிரித் தண்ணீரை நம்பி வாழை பயிராகிறது. தார் தள்ளுமுன்னரே தோட்டத்தை மொத்தமாக விலை பேசி முன்பணம் கொடுக்கும் வழக்கம் வாழை வட்டாரங்களுக்குப் புதிதன்று. ஒரு மாலைப் பொழுதில் சுழன்றடிக்கும் காற்றில், தார் சுமந்த மரங்கள் இடுப்பொடிந்து சாய்ந்துவிடுவதும் புதிதன்று. அப்போது வாங்கியவர் ‘பணம் போயிற்றே’ என்பார். விற்றவர் ‘பேசியது பேசியதுதான்’ என்பார். நெடுநாள் நட்பு பகையாக முடியும். கனி பக்குவமடைவது வெளிப்படுமுன் மரத்தில் உள்ளதை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணத்தை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காண்கிறோம்: இறைவன் கனியைத் தடுத்துவிட்டால், உம் சகோதரரின் பொருளை எந்த உரிமையின் பேரில் எடுத்துக்கொள்வீர் என்பதே அதன் கருத்து. ‘கரர்’ எனப்படும் தெளிவின்மைக்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுமோ? நீரில் நீந்தும் மீனும் வானில் பறக்கும் புள்ளும் சட்ட நூல்களில் அதற்கு எடுத்துக்காட்டுகளாகக் காட்டப்படுகின்றன.

அவ்வாறாயின் வருங்காலத்தில் கிடைக்கும் பொருளுக்கு இன்றே விலை பேசுவது முற்றிலும் தடையா? அன்று. மதீனாவாசிகள் பேரீச்சம்பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதை ஒழித்துவிடவில்லை. அளவும் எடையும் தவணையும் ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டிருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள். இதற்கு ‘ஸலம்’ என்று பெயர். விலை முழுவதையும் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும் என்பது சட்ட அறிஞர்கள் வகுத்த நிபந்தனை. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். இவ்வொப்பந்தத்தால் உழவருக்கு விதைக்கும் உரத்துக்கும் பணம் கிடைக்கிறது; வாங்குகிறவருக்குத் தவணை நாளில் சரக்கு கிடைக்கிறது. வட்டிக்கடைக்காரரின் வாயிலில் உழவர் நிற்க வேண்டாமல் போகிறது. வருங்காலத்தைப் பற்றிய ஒப்பந்தம்தான், ஆனால் அதன் இறுதியில் மூட்டையோ தாரோ வந்து இறங்குகிறது.

ஆப்ஷனில் வந்து இறங்குவது யாது? நிஃப்டி குறியீடு இந்த வாரத்துக்குள் இன்ன எண்ணைத் தாண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பிரீமியம் என்னும் தொகையைக் கொடுத்து ஓர் உரிமையை வாங்குகிறீர்கள். தாண்டினால் ஆதாயம். தாண்டாவிட்டால் ஒப்பந்தம் முடியும் நாளில் அவ்வுரிமை சுழியமாகிவிடுகிறது. கசங்கிய காகிதமாகக்கூட அது மிஞ்சுவதில்லை. குறியீடு என்பது ஓர் எண். அதை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. நீங்கள் பெற்ற ஆதாயம் எதிர்ப்பக்கம் நின்ற முகந்தெரியாத ஒருவரின் நட்டம். உங்கள் நட்டம் அவருடைய ஆதாயம். இடையில் தரகும் கட்டணமும் வரியும் இருவரிடமிருந்தும் கழிகின்றன. 1992இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, உலகச் சந்தைகளில் வழங்கும் இந்த ஆப்ஷன் ஒப்பந்தங்கள் ஆகுமானவை அல்ல என்று தீர்மானித்தது. ஒப்பந்தத்தின் பொருள் பணமுமன்று, பயனுமன்று, ஈடு பெற்று விட்டுக்கொடுக்கத்தக்க நிதி உரிமையுமன்று என்பது அகாதமி காட்டிய காரணம்.

ஒரு நியாயத்தையும் ஈண்டுச் சொல்லிவிட வேண்டும். கிடங்கில் மஞ்சள் மூட்டை அடுக்கி வைத்திருக்கும் ஈரோட்டு வணிகர், விலைச் சரிவுக்கு அஞ்சித் தம் சரக்குக்குக் காப்பாகவே முன்பேர ஒப்பந்தம் செய்கிறார் என்றால் அவர் நோக்கம் சூது அன்று. அவர் கையாளும் முறையை மார்க்கம் ஏற்குமா என்பது தனி ஆய்வு. நீங்களோ கிடங்கும் மூட்டையும் இல்லாத மாணவர்.

மார்க்கத் தீர்ப்பைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் கணக்காகவே நோக்குவோம். பொருளியல் மாணவரிடம் கணக்கைத்தானே பேச வேண்டும்? பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வாரியம் 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்கள் 1 கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். ஒருவருக்குச் சராசரி நட்டம் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல். செலவு போக 1 லட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டியவர் நூற்றில் ஒருவரே. மூன்றாண்டுகளுக்கு ஒரு லட்சம் என்றால் மாதத்துக்கு மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஜவுளிக்கடையில் துணி மடித்து வைக்கும் பையனுக்குக்கூட அதைவிட மிகுதியாகக் கிடைக்கும். அடுத்து 2025 ஜூலையில் வந்த ஆய்வும் ஆறுதல் தருவதாயில்லை. 2024-25இல் நட்டமடைந்தோர் 91 விழுக்காடு. அவ்வோராண்டு நட்டம் 1 லட்சம் கோடியைக் கடந்தது.

அப்பணம் எங்கே சென்றது? ஆவியாகிப் போகவில்லை. 2023-24இல் தனிநபர்கள், கட்டணங்களைச் சேர்க்காமலே, 61,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தனர். அதே ஆண்டில் தம் சொந்த முதலைக் கொண்டு ஈடுபடும் தரகு நிறுவனங்கள் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் 28,000 கோடியும் ஆதாயம் பெற்றன. இவ்விரு சாராரின் ஆதாயத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கணினி நிரல்கள் தாமே நடத்திய பேரங்களால் விளைந்தது. தில்லை நகர் மாடியறையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் நீங்கள் எதிர்த்து நிற்பது யாரை என்பது இப்போது விளங்கியிருக்கும். 2025 ஜூலை 3ஆம் நாள் செபி, ஜேன் ஸ்ட்ரீட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மீது குறியீட்டு விலையைத் திரித்ததாகக் குற்றஞ்சாட்டி, 4,843 கோடி ரூபாயை முடக்க இடைக்கால ஆணை பிறப்பித்தது. அந்நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீடு செய்தது. குற்றம் உண்டா இல்லையா என்பது நீதி மன்றங்களின் பொறுப்பு. அந்தக் களத்தில் புரளும் தொகையின் அளவை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

‘நட்டமடைந்தவர்கள் கற்காமல் இறங்கியவர்கள்; நான் கற்றுக்கொண்டு இறங்குவேன்’ என்று நீங்கள் கூறலாம். பழகப் பழகக் கைவரும் என்ற நம்பிக்கையைப் பிரேசில் நாட்டு ஆய்வாளர் மூவர் சோதித்துப் பார்த்தனர். 2013க்கும் 2015க்கும் இடையே அந்நாட்டில் நாள் வணிகத்தைத் தொடங்கியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், முந்நூறு நாட்களுக்கு மேல் விடாது ஈடுபட்டவர்களுள்ளும் 97 விழுக்காட்டினர் நட்டத்திலேயே இருந்தனர். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் ஈட்டியோர் 1.1 விழுக்காடு. முந்நூறு நாள் பழகிய தச்சர் ஒரு முக்காலியாவது செய்து காட்டுவார்.

கற்றுத் தருவதாகக் கூறுவோரைப் பற்றியும் ஒரு சொல். 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த ஆணை ஒன்று ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் காணொளி நடத்தியவரைப் பற்றியது. பங்கு வணிகத்தில் ஆதாயம் ஈட்டக் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்து அவர் தரப்பு திரட்டிய தொகை 17 கோடி ரூபாய்க்கு மேல் என்றும், அவரோ 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை தம் சொந்த வணிகத்தில் 2 கோடியே 89 லட்சம் இழந்திருந்தார் என்றும் அவ்வாணை குறிப்பிட்டது. ஆசான் வணிகத்தில் தோற்றார். பாடம் சொல்லும் கட்டணத்தில் பிழைத்தார். சென்னையில் ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற நிறுவனத்தின் கதை இன்னும் கசப்பானது. மாதந்தோறும் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது தருவதாகக் கூறி ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் காவல் துறை 2022இல் வழக்குத் தொடுத்தது. பெயரில் டிரேடிங் இருந்தது, மக்கள் நம்பினர். வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமாகும் ‘வல்லுநர்’ ஒருவர் செயலியொன்றை இறக்கிக்கொள்ளச் சொன்னால், முதலில் செபியின் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

யாம் மிகவும் அஞ்சுவது வேறொன்று. நம் வீடுகள் பலவற்றில் தந்தை குவைத்திலோ, தம்மாமிலோ, சிங்கப்பூரிலோ இருக்கிறார். அவர் அனுப்பும் பணம் வந்து சேர்வது பெரும்பாலும் மூத்த பிள்ளையின் வங்கிக் கணக்கில். அது கல்லூரிக் கட்டணம், தங்கையின் திருமணச் செலவு, பாதியில் நிற்கும் வீட்டின் கூரை. அப்பணம் உங்கள் கையில் உள்ள அமானிதம். அதில் ஐயாயிரம் எடுத்து இழந்தவர், அதை மீட்க இருபதாயிரம் எடுக்கிறார். அதையும் இழந்தால் கைப்பேசிக் கடன் செயலியில் வட்டிக்கு வாங்குகிறார். தாயிடம் சொல்ல அஞ்சி ஒரு பொய். அப்பொய்யைக் காக்க மற்றொன்று. செபியின் ஆய்வில், இரண்டாண்டு தொடர்ந்து நட்டமடைந்த பின்னரும் நான்கில் மூவருக்கு மேல் விடாமல் தொடர்ந்தனர் என்று காண்கிறோம். மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்றும், அவற்றின் தீமையோ பயனைவிடப் பெரிதென்றும் திருமறையின் 2ஆம் அத்தியாயம் 219ஆம் வசனம் உணர்த்துகிறது. பயனே இல்லை என்று இறைவன் கூறவில்லை. முதல் வாரம் கிடைத்த நாலாயிரம் ரூபாய்தான் அந்தப் பயன். அதைக் காட்டியே மீதி எல்லாம் பறிக்கப்படுகிறது. ஏற்கனவே இழந்துவிட்டவர் எவரேனும் இதைப் படித்தால், இன்றிரவே தந்தையிடம் தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் சினம் கொள்வார். ஆயினும் கடன் செயலிக்காரரின் ஏச்சைவிடத் தந்தையின் ஏச்சு மேல்.

வெள்ளிக்கிழமையும் இதில் குறுக்கிடுகிறது. ஜுமுஆத் தொழுகைக்கு அழைப்பு விடுக்கப்பட்டால் வணிகத்தை விட்டுவிட்டு விரையுங்கள் என்பதும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுங்கள் என்பதும் 62ஆம் அத்தியாயத்தின் கட்டளைகள். கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். பங்குச் சந்தையோ காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை சாத்துவதில்லை. விற்காத ஆப்ஷன் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸஃப்பில் நிற்பவரின் உள்ளம் குத்பாவில் இருக்குமா, குறியீட்டில் இருக்குமா?

சரி, என்னதான் செய்வது என்று கேட்கிறீர்கள். படிப்பை இடையில் நிறுத்தாதீர்கள். வணிகவியல் பயில்பவர்கள் கணக்குப்பதிவியலைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையைப் பார்த்து அதன் உடல்நலத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு எங்கும் வேலை உண்டு. சந்தையின் கணிதத்தில் உண்மையான நாட்டம் இருப்பின், செபி 2006இல் நிறுவிய ‘நிசம்’ என்னும் தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிலையம் ஆய்வாளர்களுக்கான சான்றிதழ்த் தேர்வுகளை நடத்துகிறது. அவற்றில் தேர்ந்து, நிறுவனங்களை ஆராயும் பணியில் மாதச் சம்பளத்துக்கு அமரலாம். பட்டயக் கணக்கர் படிப்பு கடினம்தான். ஆனால் அதற்கு நிகர் அதுவே. பங்கில் முதலீடு செய்யும் விருப்பம் நீங்காவிட்டால், நீங்களே உழைத்து ஈட்டிய சிறு தொகையில், உங்களுக்குப் புரிகிற தொழில் செய்யும் நிறுவனத்தின் பங்கை, கடனின்றி, முழு விலை கொடுத்து வாங்கி வையுங்கள். அது சேமிப்பு. தொழில் என்று அதற்குப் பெயரிடாதீர்கள்.

வணிகமே செய்ய வேண்டும் என்று உள்ளம் துடிக்குமாயின், தில்லை நகரிலிருந்து சிறிது தொலைவில் காந்தி சந்தை இருக்கிறது. உர்வா (ரலி) என்ற நபித்தோழரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஆடு வாங்கி வரப் பணித்தார்கள். அவர் அப்பணத்துக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டோடும் ஒரு தீனாரோடும் திரும்பினார். அவருடைய வணிகத்துக்கு அபிவிருத்தி வேண்டி நாயகம் (ஸல்) அவர்கள் பிரார்த்தித்தார்கள். அவர் மண்ணை வாங்கினாலும் இலாபம் பெறுவார் என்னும்படி ஆயிற்று என்று அறிவிப்பில் வருகிறது. ஆட்டின் பல்லைப் பார்த்து வயதைச் சொல்லும் கண், எந்தத் தெருவில் எவருக்கு என்ன தேவை என்று அறியும் காது, இவைதாம் அவருடைய முதல். சார்ட்டில் இவற்றைக் கற்க முடியாது.

மண்ணச்சநல்லூரின் அரிசி ஆலைகள், மணப்பாறையின் மாட்டுச் சந்தையும் முறுக்கும், உறையூரின் நூல் புடவை, தொட்டியத்தின் வாழை என நம்மைச் சூழ்ந்தே சரக்கு இருக்கிறது. தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நம் திருச்சியில்தான். 2024 ஜனவரியில் புதிய முனையம் திறக்கப்பட்ட நம் விமான நிலையத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானங்கள் செல்கின்றன. அங்குள்ள தமிழர்க்கு நம் ஊர்க் காயும் கனியும் கீரையும் வேண்டும். ஏற்றுமதிக்கு வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தில் ஐ.இ.சி. எண் பெற வேண்டும். வேளாண் பொருளாயின் ‘அபேடா’வில் பதிய வேண்டும். இவை இணையம் வழியே முடியும் வேலைகள். காய் அழுகாமல் கட்டுவதும், ஒப்புக்கொண்ட தரத்தை மூன்றாம் முறையும் ஒப்புக்கொண்டபடி அனுப்புவதும்தாம் கடினம். முதலாண்டில் இலாபம் கிட்டாமலும் போகலாம். ஆனால் அந்த நட்டத்தில் நீங்கள் ஒரு தொழிலைக் கற்றிருப்பீர்கள்.

நம் ஜமாஅத்துகளின் மூத்த வணிகர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. முன்னாளில் கடைப்பையனாகச் சேர்ந்த சிறுவன் சிட்டை எழுதினான், பேரேடு புரட்டினான், கொள்முதலுக்கு முதலாளியோடு வெளியூர் சென்றான், பத்தாண்டில் கூட்டாளியானான். இன்று பட்டதாரி மகனுக்கு அந்த வாயில் அடைபட்டிருக்கிறது. கடையில் நிற்பது இழிவு என்று பெற்றோர் கருதுகின்றனர். படித்த பையன் நம் சொல் கேளான் என்று முதலாளி கருதுகிறார். வரும் கோடை விடுமுறையில் மண்டிக்காரர், ஆலைக்காரர், ஏற்றுமதியாளர் ஒவ்வொருவரும் இரண்டு மாணவர்களையேனும் சிறு ஊதியத்தோடு ஏற்றுக்கொள்ளலாம். மாணவிகளும் கணக்கெழுதும் பணிக்கு வரலாம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் நடத்தியது ஒரு வணிக நிலையம் அன்றோ! கல்லூரி முதல்வர்கள் பெயர்ப் பட்டியலைத் தந்தால் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாயில் முற்றத்திலேயே பேசி முடித்துவிடலாம். காந்தி சந்தைக்குச் சரக்கு லாரிகள் இரவிலேயே வந்துவிடுகின்றன. ஸுப்ஹு தொழுதுவிட்டு நேரே வரும் பையனுக்குக் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் ஒரு முக்காலி போட இடம் இருக்கும்.